புகை வந்ததா?

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற சாம்பாருக்கும் நடுத்தெருவில் நின்றுபோன காருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாத மனிதர் நம் ஊரில் கிடையாது. கார் ஒழுங்காக ஓடுகிற வரையில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பானெட்டைத் தூக்கிவிட்டால் போதும், சைக்கிளில் போகிறவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "பேட்டரியாத்தான் இருக்கும்" என்பார். பால்காரர், "டீசல்ல தண்ணி கலந்திருக்கும்" என்பார். பெட்டிக் கடைக்காரர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே, "பம்பு போயிருச்சு" என்று தீர்ப்பு வழங்கிவிடுவார். எல்லோரும் பதில் வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்கிறவர்தான் அகப்படுவதில்லை.

அப்படிக் கேள்வி கேட்கிற ஒருவரை நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தேன். அவரைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்னால், அவர் பார்த்த வியாதி இன்னதென்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

பழைய டீசல் கார் ஒன்று. சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது. இன்ஜினும் சுற்றுகிறது. ஆனால் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் காலையில் எழுப்பினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு படுக்குமே தவிர எழுந்து உட்காராதல்லவா, அந்த மாதிரி.

பெட்ரோல் காரில் பிளக் என்று ஒன்று இருந்து பொறியைக் கொடுக்கிறது. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அந்தச் சூடுதான் டீசல் இன்ஜினுடைய ரகசியம். சிலிண்டர் நிறைய இழுத்த காற்றை, பிஸ்டன் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் கொண்டுபோய் நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரிக்கு மேலே சூடேறிவிடும். சமயம் பார்த்து டீசலை அதற்குள் பனித்தூறலாகப் பீச்சினால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகையில் இரவோடு இரவாக அவர் காணாமற் போனார். அவருடைய பெயர் மட்டும் நம் பெட்ரோல் பங்குகளில் நிலைத்துவிட்டது.

ஆகவே, இந்த இன்ஜின் கேட்பது மூன்றே வரங்கள்: காற்று, அதை நெருக்கிப் பெறுகிற சூடு, வேளை தவறாமல் வந்து சேரும் டீசல். மூன்றில் எது தவறியது என்று தெரிந்துகொள்ள அந்தப் பழைய காரே ஓர் ஜன்னல் வைத்திருக்கிறது. அது பின்னால் இருக்கிற புகைக் குழாய். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை கிளம்பினால் டீசல் உள்ளே போகிறது, பற்றுவதற்குச் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக்குகள் எரியாமல் இருக்கலாம்; பேட்டரி சோர்ந்து இன்ஜின் மந்தமாகச் சுற்றலாம்; வால்வும் ரிங்கும் தேய்ந்து நெருக்கம் கசியலாம். செல்ஃப் சுறுசுறுப்பாக அடித்தும் புகையே வரவில்லை என்றால், டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவே இல்லை. காலணா செலவில்லாமல் வியாதி இரண்டு கூறாகப் பிரிந்துவிடுகிறது.

ஆனால் புகையைப் பார்க்கிறவர்கள் குறைவு. பம்பைக் குற்றம் சொல்லுகிறவர்கள்தாம் அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. டீசலைப் பீச்சுகிற அந்தப் பம்ப், இன்ஜினோடு சேர்ந்த சாமான்களிலே விலை உயர்ந்தது. அதற்குள் அசைகிற பாகத்துக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, தலைமயிர்க் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இராது. ராபர்ட் போஷ் கம்பெனி இப்படிப்பட்ட பம்புகளை 1927-ல் ஏராளமாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் இன்ஜின் லாரியிலும் காரிலும் தாராளமாக ஏற முடிந்தது. நம் நாட்டில் 1951-ல் தொடங்கிய மைகோ கம்பெனி பெங்களூரில் அவற்றைச் செய்தது. இவ்வளவு நுட்பமான சாமான் என்றால் சாமான்யர்களுக்கு ஒரு பயம். பயம் இருக்கிற இடத்தில் சந்தேகமும் முதலில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

தென்பாண்டிச் சீமையில் இந்தப் பயத்தை அதிகமாக அனுபவித்தவர்கள் டூரிஸ்ட் கார் வைத்துப் பிழைத்தவர்கள். 1980-ஐ ஒட்டி அம்பாசிடர் காரில் 1,489 சி.சி. டீசல் இன்ஜின் வந்தது. அதன்பின் வெகு காலத்துக்குக் குற்றாலம் போவதானாலும், பெண் பார்க்கப் போவதானாலும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதானாலும் டீசல் அம்பாசிடர்தான். 2014 மே மாதத்தோடு உத்தர்பாரா தொழிற்சாலையில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. அப்புறமும் வீட்டுப் பசுவைப் போல அதை வைத்துக் காப்பாற்றியவர்கள் உண்டு.

அப்படி ஒருவருடைய காரில், ஒரு மார்கழி விடியற்காலையில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். சுமார் 12 கிலோமீட்டர் தூரம். மேற்கே மலைத்தொடர் கூடவே வருகிற ரஸ்தா. வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. "எண்ணெய் வீணாகிறதே, அண்ணாச்சி?" என்றேன்.

"அணைச்சா மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ, சார். அடுத்த மாசம் இந்த வண்டி எங்கிட்ட இருக்குமோ இருக்காதோ" என்றார் அவர்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளிவந்தது. சில மாதங்களாகக் கார் சில காலைகளில் கிளம்ப மறுக்கிறது. ஒரு பட்டறையில் காட்டினார். பம்பைக் கழற்றி வேலை செய்ய வேண்டும், 25,000 ரூபாய்க்குக் குறையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் கையில் அந்தத் தொகை ஏது?

"வீட்டில, மஞ்சக் கயித்தைப் போட்டுக்கிட்டுச் செயினைக் கழட்டித் தாரேங்கிறா, சார். எனக்குத்தான் மனசு வரல" என்றார். அதற்கு மேல் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழிக் கூட்டத்தில் ஆண்டாள் கோயிலுக்கு அருகே காரை நிறுத்த இடமில்லை. சற்றுத் தள்ளி ஒரு தெருவில், முன் சக்கரம் மேட்டிலும் பின் சக்கரம் பள்ளத்திலுமாக நிறுத்தினார். தரிசனம் முடித்து, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. சாவியைத் திருகினார். செல்ஃப் அடித்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினார். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் கம்மியாயிற்று. பானெட் உயர்ந்தது. கூட்டம் கூடிற்று. பேட்டரி, தண்ணீர், பம்ப் ஆகிய மூன்று தீர்ப்புகளும் ஐந்து நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்தன. டீக்கடைப் பையன் ஓடிப்போய் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான்.

வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். 1930-களிலேயே நூற்பாலை கண்ட ஊர் ராஜபாளையம். அங்கே ஒரு மில்லில் வெகு காலம் ஃபிட்டராக இருந்தவராம். வந்ததும் அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை.

"முதல்ல சாவியை எடுங்க" என்றார். "பேட்டரியில இருக்கிற உசிரு கொஞ்சம். சண்டை போட்டு அதையும் தீர்த்துட்டா, அப்புறம் நான் எதை வச்சு வண்டிகிட்டக் கேள்வி கேக்க?"

டிரைவர் சாவியை எடுத்துவிட்டார்.

"எப்பல்லாம் இப்படிப் பண்ணுது?"

"அதுக்கு ஒரு வரைமுறை கிடையாது, அண்ணாச்சி. நினைச்சாப் பண்ணும்."

"வரைமுறை இல்லாம எதுவும் கெடாது. யோசிச்சுச் சொல்லுங்க. நல்லா ஓடிச் சூடா இருக்கையில நிறுத்திட்டு உடனே எடுத்தா?"

"உடனே எடுத்தா ஒரே அடி. நின்னு ஆறினாத்தான் தகராறு."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சூட்டில்தான் மக்கர் பண்ணும் என்பதைப் பிற்பாடு எனக்குச் சொன்னார். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியே கசிந்துவிடுமாம். இந்தக் காரின் குணம் அதற்கு நேர் விரோதம்.

"ராத்திரி எங்கே நிறுத்துவீங்க?"

"வீட்டு வாசல்லதான். வாசல்ல வாறுகால் ஓடுது. பின் சக்கரம் அந்தப் பள்ளத்தில நிக்கும். ஸ்டாண்டில சமதரை. அங்கே ராத்திரி பூரா நின்னாலும் காலையில எடுத்திடுது. வீட்டில நின்னாத்தான் வம்பு. கண் திருஷ்டின்னு வீட்டில எலுமிச்சம்பழம், மிளகாகூடக் கட்டிப் பார்த்தாச்சு."

கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டம்மா பாதி கண்டுபிடிச்சிட்டாங்க. கோளாறு அந்த வாசல்லதான் இருக்கு" என்றார்.

பிறகுதான் காரண்டை போனார். தொட்டியில் டீசல் இருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜினை அணைக்கிற ஸ்டாப்பர் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் போய் நின்றுகொண்டு, "ஒரு தடவை, ஒரே தடவை அடிங்க" என்றார். செல்ஃப் அடித்தது. புகைக் குழாயில் நூலளவு புகைகூட இல்லை.

டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கிற சிறு திருகாணியைத் தளர்த்தி, கீழே இருக்கும் கைப்பிடியால் டீசலை அடித்து ஏற்றினார். திருகாணி வழியே சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை நுரையாக வந்தது. நுரை அடங்கித் தெளிவான டீசல் வருகிற வரையில் அடித்தார். நாசிலுக்குப் போகும் குழாய்களின் மரைகளையும் தளர்த்தி, காற்றை வெளியேற்றி, திரும்ப இறுக்கினார். சாவியைத் திருகியதும் இன்ஜின் கிளம்பிவிட்டது. கூட்டம் கலைந்தது. டிரைவர் சந்தோஷமாகச் சட்டைப் பையில் கையை விட்டார்.

"எங்கே போறீங்க?" என்றார் பெரியவர். "வண்டி கிளம்பிருச்சு. வியாதி அப்படியே இருக்கு. உள்ளே போன காத்து எந்த வழியாப் போச்சுன்னு பார்க்க வேண்டாமா?"

இந்த இடம்தான் முக்கியம். காற்றை அமுக்கினால் அமுங்கும். டீசல் லேசில் அமுங்காது. குழாயில் காற்று நுழைந்துவிட்டால் பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சு மூட்டையைக் குத்தின மாதிரிதான், நாசில் திறப்பதில்லை. சரி, காற்று எப்படி நுழைந்தது? தொட்டி காரின் பின்பக்கம் இருக்கிறது. மேட்டில் மூக்கை வைத்து நிறுத்தினால் தொட்டி தாழ்ந்தும் இன்ஜின் உயர்ந்தும் நிற்கும். இளநீர் குடிக்கிற குழலின் மேல்வாயை விரலால் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் நீர் இறங்காது. விரலை எடுத்தால் இறங்கிவிடும். டீசல் குழாயில் எங்கேயோ ஓர் ஊசிமுனைத் துவாரம், எடுத்த விரலின் வேலையைச் செய்கிறது. நிற்கிற நேரத்தில் டீசல் தன் பாட்டில் தொட்டிக்கே போய்விடுகிறது. இந்தத் துவாரத்தில் ஒரு வஞ்சகமும் உண்டு. அது இருப்பது உறிஞ்சுகிற பக்கம். டீசல் வெளியே சொட்டுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது. கார் நின்ற இடத்தில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இராது. சொட்டாத இடத்தை யார் சந்தேகிப்பார்கள்?

பெரியவர் ஒரு டீசல் கேனைக் காரின் தலைமேல் ஏற்றி வைத்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் ட்யூபில் ஒரு துண்டை எடுத்து, கேனிலிருந்து நேராக ஃபில்டருக்குப் பூட்டினார். தொட்டிக்கும் பழைய குழாய்க்கும் இப்போது சம்பந்தமில்லை. இன்ஜினைக் கிளப்பி, அணைத்து, "டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். கார் அதே மேட்டில், அதே மூக்குத் தூக்கலில் நின்றது. பிறகு சாவியைத் திருகச் சொன்னார். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது.

"பம்பு மேல போட்ட கேஸ் தள்ளுபடி. நாசில், ஹீட்டர், கம்ப்ரஷன் எல்லாத்துக்கும் விடுதலை" என்றார்.

டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அந்தச் செயினு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பெரியவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. எனக்குப் புரிந்தது.

மிச்சம் சுலபமான வேலை. லெவல் ட்யூபைக் கேனிலிருந்து கழற்றி, டீசல் குழாயின் ஒரு மூட்டில் இடையே பொருத்தினார். இன்ஜின் ஓடுகையில், அந்தக் கண்ணாடி போன்ற குழாய்க்குள் முத்து முத்தாகக் குமிழிகள் ஓடின. ஒரு மூட்டுத் தள்ளித் தொட்டிப் பக்கம் பொருத்திப் பார்த்தார். அங்கே குமிழி இல்லை. ஆகவே துவாரம் இரண்டுக்கும் நடுவில். அங்கே இருந்தது ஒரு சாண் ரப்பர்க் குழாய். கிளிப்பைக் கழற்றி வளைத்தபோது, கிளிப் மறைத்திருந்த இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வயதாகிக் காய்ந்துபோன ரப்பர், அவ்வளவுதான்.

"எவ்வளவு அண்ணாச்சி?" என்றார் டிரைவர்.

"குழாய்க்கும் கிளிப்புக்கும் நூறு ரூபாய். கேள்வி கேட்டதுக்கு முந்நூறு."

திரும்பி வருகையில் ஊர் எல்லையில் மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் வந்தது. டிரைவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கும்பிட்டார். இறங்குவதற்கு முன்னால் அவர் இன்ஜினை அணைத்ததை நான் கவனித்தேன்.

பம்பைக் கழற்றச் சொன்ன பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பம்ப் கெட்டாலும் கார் கிளம்பாது என்பது வாஸ்தவம்தானே? ஒருவேளை, அவர் சொன்னபடியே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பம்பைக் கழற்றி, புதுப்பித்து, திரும்பப் பூட்டும்போது குழாய்களில் இருக்கிற காற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். காற்றை எடுத்ததும் கார் கிளம்பியிருக்கும். பட்டறைக்காரர், "பார்த்தீர்களா!" என்றிருப்பார். டிரைவரும் நம்பியிருப்பார். செயின் அடகுக் கடைக்குப் போயிருக்கும். அன்றிரவு வாறுகால் ஓரத்தில் நின்ற கார், மறுநாள் காலையில் பழையபடி புரண்டு படுத்திருக்கும். தப்பு வைத்தியத்தில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். அது பலிக்காமல் போனால் உடனே தெரிந்துவிடும். ஒரு நாள் பலித்த மாதிரி தோன்றிவிட்டால், ஏழையின் கையிலிருந்து பணமும் போய், சந்தேகம் கேட்கிற தைரியமும் போய்விடுகிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. 1997-ல் போஷ் கம்பெனி காமன் ரெயில் என்ற முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்த பிறகு, டீசல் பீச்சுகிற பொறுப்பைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. கார் கிளம்பாவிட்டால் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார். அது ஒரு நம்பரைக் காட்டுகிறது. நம்பர் என்ன சொல்லுகிறது? டீசல் அழுத்தம் போதவில்லை என்கிறது. ஏன் போதவில்லை? ஃபில்டர் அடைத்ததா, பம்ப் தளர்ந்ததா, எங்கேயாவது காற்று புகுந்ததா? அதை நம்பர் மட்டும் சொல்லிவிடாது. பெட்டிக் கடைக்காரரின் தீர்ப்பைவிட அது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அதற்கப்புறம் ஒருவர் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

உங்களிடமோ உங்களுக்கு வேண்டியவர்களிடமோ பழைய டீசல் கார் இருந்து, ஒரு நாள் காலையில் அது சுற்றியும் கிளம்பாமல் அடம் பிடித்தால், நாலாவது தடவை சாவியைத் திருகாதீர்கள். பேட்டரியைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். வேறு யாரையாவது ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்று புகை வருகிறதா என்று பாருங்கள். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். பேட்டரி என்பார்கள், தண்ணீர் என்பார்கள், பம்ப் என்பார்கள். எல்லோருக்கும் மரியாதையாகத் தலையை ஆட்டுங்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "நேத்து ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தியிருந்தீங்க?" என்று கேட்டால், அவரை மட்டும் போகவிடாதீர்கள்.